கல்நெஞ்சும் கரைந்த கதை – இயக்குநர் ஏ. பீம்சிங்

நுழையும்முன்

திரையரங்கின் இருளில் யாரும் அறியாமல் கண்களைத் துடைத்துக்கொண்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. திரையில் நிகழ்வது நடிப்பு என்பதை அறிவு அறியும். ஆயினும் நெஞ்சம் நெகிழ்கிறது. வாழ்வின் துன்பங்களுக்கு அசையாதவரையும் இரண்டரை மணி நேரக் கதை எவ்வாறு அசைக்கிறது? தமிழ்க் குடும்பங்களின் அன்பையும் பிரிவையும் திரையில் வடித்து, ஒரு தலைமுறையையே கண்ணீர் சிந்த வைத்த இயக்குநர் ஒருவரின் வாழ்க்கை இவ்வினாவுக்கு விடை தருகிறது.

ஆற்றங்கரையில் ஒரு கதை

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆரணியாற்றின் கரையில் அமைந்த ஊர் பெரியபாளையம். ஆடித் திங்கள் பிறந்துவிட்டால் இவ்வூரின் சாலைகள் மக்கள் வெள்ளத்தால் நிறைந்துவிடும். வேப்பிலை ஆடை உடுத்தி வலம் வருவோரும், பொங்கலிடுவோரும், குழந்தைக்கு முடியிறக்கக் குடும்பத்தோடு வந்தோருமாகப் பவானி அம்மன் கோயிலைச் சுற்றி எங்கும் கூட்டமாக இருக்கும். கண்ணனைக் காப்பதற்காக அவனுக்கு மாற்றாக வைக்கப்பட்ட பெண்குழந்தையே இங்கு எழுந்தருளியிருப்பதாகத் தலபுராணம் கூறுகிறது. அண்ணனின் உயிருக்கு அரணாக நின்ற தங்கையின் கதை அது. முடியிறக்கும் குழந்தையை மடியில் அமர்த்திக்கொள்ளும் உரிமை தாய்மாமனுக்கு உரியது. உடன்பிறந்தாளின் குழந்தையை மடியில் ஏந்தும் அந்த நொடியில், எத்தனை வன்மையான ஆடவரின் முகமும் கனிந்துவிடுவதை ஆடித் திங்களில் இங்குக் காணலாம்.

அண்ணன் தங்கை பாசம் தமிழருக்குப் புராணத்திலும் உண்டு, சடங்கிலும் உண்டு, தாலாட்டிலும் உண்டு. இதே உறவை 1961ஆம் ஆண்டில் ஒரு திரைப்படம் எடுத்துரைத்தது. படத்தின் பெயர் 'பாசமலர்'. அதன் இயக்குநர் ஏ. பீம்சிங். பெரியபாளையத்தின் வழியே ஊத்துக்கோட்டையைக் கடந்து செல்லும் சாலை திருப்பதியைச் சென்றடைகிறது. அத்திருப்பதியை உள்ளடக்கிய இராயலசீமை மண்ணிலிருந்து சென்னைக்கு வந்தவர் அவர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டிராத ஒருவர், தமிழ்க் குடும்பத்தின் உள்ளத்தை இவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இளமையும் பயிற்சியும்

பீம்சிங் 1924ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15ஆம் நாள் பிறந்தார். திரைத்துறையில் அவருக்கு ஆசான்களாக அமைந்தவர்கள் கிருஷ்ணன்–பஞ்சு என்னும் இரட்டை இயக்குநர்கள். 1952இல் 'பராசக்தி'யை உருவாக்கித் தமிழ்த் திரையுலகின் போக்கை மாற்றியவர்கள் அவர்கள். அவர்களிடம் பீம்சிங் படத்தொகுப்பிலும் இயக்கத்திலும் உதவியாளராகப் பணியாற்றினார். ஆசானுடன் கொண்ட உறவு குடும்ப உறவாகவும் மலர்ந்தது. கிருஷ்ணனின் குடும்பத்திலேயே அவர் மணம் செய்துகொண்டார்.

படத்தொகுப்பு அறையில் பெற்ற பயிற்சி அவருடைய பிற்காலப் படைப்புகளுக்கு உரமாயிற்று. எடுக்கப்பட்ட காட்சிகளில் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது, ஒரு முகத்தை எவ்வளவு நேரம் திரையில் நிறுத்துவது என்பனவற்றை முடிவுசெய்யும் இடம் அது. ஒரு காட்சி ஓரிரு நொடி குறைந்தால் உணர்ச்சி முளைக்காது. ஓரிரு நொடி மிகுந்தால் முளைத்த உணர்ச்சி வாடிவிடும். இந்த அளவறிவை இளமையிலேயே பெற்றவர் பீம்சிங்.

முதல் முயற்சிகள்

1954இல் வெளிவந்த 'அம்மையப்பன்' அவர் இயக்கிய முதல் திரைப்படம். அதற்குப் பெரும் வரவேற்புக் கிட்டவில்லை. 1956இல் சிவாஜி கணேசன் நடிப்பில் 'ராஜா ராணி'யை இயக்கினார். 1958இல் வெளிவந்த 'பதிபக்தி' அவருக்கு வெற்றியைத் தேடித்தந்தது. 'ப' என்னும் எழுத்து வரிசையில் தொடங்கும் பெயர்கள் அவருடைய படங்களுக்கு அமையத் தொடங்கியது இப்படத்திலிருந்தே.

1959இல் வெளிவந்த 'பாகப்பிரிவினை' அவருடைய ஆற்றலை உலகறியச் செய்தது. ஒன்றாக வாழ்ந்த அண்ணன் தம்பி குடும்பங்கள் பிரிகின்றன; ஒரே வீட்டின் நடுவே சுவர் எழுகிறது. கையும் காலும் ஊனமுற்ற கண்ணையன் என்னும் இளைஞனாகச் சிவாஜி கணேசன் நடித்தார். கூட்டுக்குடும்பங்கள் மெல்லச் சிதையத் தொடங்கியிருந்த காலம் அது. தம் வீட்டிலும் அத்தகைய சுவர் எழுந்ததைக் கண்டவர்கள், திரையில் எழுந்த சுவரை வெறும் காட்சியாகக் கருதவில்லை. இப்படம் தமிழின் சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது.

'பா' வரிசைப் படங்கள்

1960இல் 'படிக்காத மேதை' வெளிவந்தது. செல்வம் குன்றிய குடும்பத்தை, அக்குடும்பத்தில் வளர்ந்த கல்வியறிவற்ற இளைஞன் தன் உழைப்பால் தாங்கும் கதை அது. அதே ஆண்டில் 'களத்தூர் கண்ணம்மா' வெளியாயிற்று. கமல்ஹாசன் குழந்தை நடிகராக அறிமுகமான படம் இதுவே.

1961ஆம் ஆண்டு பீம்சிங்கின் வாழ்வில் பொன்னான ஆண்டாகும். 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' ஆகிய மூன்று படங்கள் ஒரே ஆண்டில் வெளிவந்தன. முதற்படம் இந்து, இசுலாமிய, கிறித்தவக் குடும்பங்களை ஒரே கதையில் இணைத்துச் சமய நல்லிணக்கத்தை உணர்த்தியது. மூன்றாவது படம் மருத்துவர் ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் இடையிலான அன்பையும் பிரிவையும் பேசியது. 'பார்த்தால் பசி தீரும்', 'படித்தால் மட்டும் போதுமா', 'பந்தபாசம்', 'பார் மகளே பார்', 'பச்சை விளக்கு', 'பழநி' எனப் படங்கள் தொடர்ந்தன. இப்படங்களில் சிவாஜி கணேசனின் நடிப்பும், கண்ணதாசனின் பாடல்களும், விசுவநாதன்–இராமமூர்த்தியின் இசையும், விட்டல் ராவின் ஒளிப்பதிவும் பீம்சிங்கின் இயக்கத்துக்குப் பெருந்துணையாக நின்றன. ஒருவர் திறமை மற்றவர் திறமையை மறைக்காமல் இணைந்து இயங்கிய கூட்டணி அது. மென்மையாகப் பேசும் இயல்பினரான பீம்சிங், ஆரவாரமின்றி அக்கூட்டணியை வழிநடத்தினார்.

தெரிந்து தெளிவோம்

பீம்சிங் தம் தமிழ்ப் படங்கள் சிலவற்றை இந்தியிலும் தாமே இயக்கினார். 'களத்தூர் கண்ணம்மா' 'மைன் சுப் ரஹூங்கி' (1962) என்றும், 'பாசமலர்' 'ராக்கி' (1962) என்றும், 'பாகப்பிரிவினை' 'கான்தான்' (1965) என்றும் வெளிவந்தன. 'பாசமலர்' தெலுங்கில் 'ரக்த சம்பந்தம்' என்னும் பெயரில் எடுக்கப்பட்டது. தமிழில் தங்கையாக நடித்த சாவித்திரியே தெலுங்கிலும் தங்கையாக நடித்தார்.

பாசமலர்

1961ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் 'பாசமலர்' வெளிவந்தது. பெற்றோரை இழந்த அண்ணன் ராஜு. அவன் தங்கை ராதா. ராஜு ஆலைத் தொழிலாளி. ஆலை மூடப்பட, அவன் வேலையிழந்து மனம் தளர்கிறான். வீட்டிலிருந்தபடியே பொம்மைகள் செய்து விற்றுச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துவைத்த தங்கை, அதனை அண்ணனிடம் தருகிறாள். அந்தப் பணத்தை முதலாக வைத்துத் தொழில் தொடங்கிய அண்ணன் பெருஞ்செல்வனாகிறான். அவனுடைய செல்வம் அனைத்துக்கும் அடித்தளம் தங்கையின் உழைப்பே என்பதைக் கதை தொடக்கத்திலேயே நம் மனத்தில் பதித்துவிடுகிறது.

தங்கை விரும்புபவன் ஆனந்தன்; அவன் தொழிலாளர் பக்கம் நிற்பவன். அண்ணனோ இப்போது முதலாளி. முன்னாள் தொழிலாளிக்கும் தொழிலாளர்க்கும் இடையே பூசல் எழுகிறது. எதிர்ப்பைக் கைவிட்டு அண்ணன் தங்கைக்கு மணம் முடித்துவைக்கிறான். ஆயினும் உறவினரின் சூழ்ச்சியால் இரு குடும்பங்களும் பிரிகின்றன. பிரிந்திருக்கும் அண்ணனும் தங்கையும் தத்தம் குழந்தையைத் தாலாட்டும்போது, ஒரே தாலாட்டை வெவ்வேறு இடங்களிலிருந்து பாடுகின்றனர். ஒருவர் பாடுவதை மற்றவர் அறியார். பார்ப்பவர் மட்டுமே அறிவர். ஒரு தீபாவளி நாளில் தங்கையின் குழந்தையை வெடியிலிருந்து காக்க முனைந்த அண்ணன் தன் கண்ணொளியை இழக்கிறான். இறுதியில் இருவரும் ஒன்றுசேர்கின்றனர். சேர்ந்த இடத்திலேயே உயிர் துறக்கின்றனர். குழந்தைப் பருவத்தில் கைகளை வீசி விளையாடிய பாட்டு, அவர்களின் இறுதிக் காட்சியில் மீண்டும் ஒலிக்கிறது.

சிவாஜி கணேசனும் சாவித்திரியும் ஜெமினி கணேசனும் நடித்த இப்படம் இருபத்தைந்து வாரங்களுக்கு மேல் ஓடி வெள்ளிவிழாக் கொண்டாடியது. நகரத்து அரங்குகளில் ஓடி முடிந்தபின் சிற்றூர்களின் கூடாரக் கொட்டகைகளுக்கு வந்தது. மணல் தரையில் அமர்ந்து படம் பார்த்த உழவரும் வண்டியோட்டுநரும் கல் உடைப்போரும் கண்ணீர் மல்க எழுந்து சென்றனர். அண்ணனோடு பேச்சற்றுப்போன தங்கையரும், தங்கை வீட்டுக்குப் போகாதிருந்த அண்ணன்மாரும் அக்கூட்டத்தில் இருந்திருப்பர். அறுபது ஆண்டுகளைக் கடந்த பின்னும், உடன்பிறந்தார் ஒற்றுமையாக வாழக் கண்டால் அவர்களைப் 'பாசமலர்' என்று அழைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் உள்ளது.

கண்ணீரின் இலக்கணம்

அழுகையைக் கோழைமையாகக் கருதும் போக்கு நம்மிடையே உண்டு. ஆண்பிள்ளை அழலாகாது என்று சொல்லியே நாம் சிறுவரை வளர்க்கிறோம். நம் இலக்கண மரபோ வேறுவகையாகக் கருதியது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தபோது நகைக்கு அடுத்து அழுகையை வைத்தார்; பெருமிதம் இடம்பெற்ற அதே பட்டியலில்தான் அழுகையும் இடம்பெற்றது. பிறரால் இகழப்படுதல், உரியவரையோ உரியதையோ இழத்தல், முன்னிருந்த நிலை கெடுதல், வறுமை ஆகிய நான்கும் அழுகைக்குக் காரணங்கள் என்றும் அவர் வரையறுத்தார். கிரேக்க அறிஞர் அரிசுடாட்டிலும், துன்பியல் நாடகம் காண்போரிடம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி உள்ளத்தைத் தூய்மையாக்குகிறது எனக் கருதினார்.

தொல்காப்பியர் கூறிய நான்கு காரணங்களையும் பீம்சிங்கின் படங்களில் காணலாம். கண்ணையனின் ஊனத்தை ஊர் இகழும்போது பிறப்பது இகழ்ச்சியால் வரும் அழுகை. ஒரே குடும்பமாய் இருந்த வீடு சுவரால் பிளக்கும்போது பிறப்பது நிலை கெடுதலால் வரும் அழுகை. 'படிக்காத மேதை'யின் குடும்பம் செல்வம் குன்றித் தவிக்கும்போது பிறப்பது வறுமையால் வரும் அழுகை. 'பாசமலர்' இழப்பால் வரும் அழுகைக்குச் சான்று.

துன்பத்தைக் காட்டினால் மட்டும் பார்ப்போர் அழுதுவிடுவதில்லை. இழக்கப்போவதன் அருமையை முதலில் உணர்த்த வேண்டும். பீம்சிங் தம் படங்களின் முற்பகுதியில் மகிழ்ச்சியை நிதானமாக வளர்த்தார். தங்கை செய்த பொம்மைகள், அண்ணன் காட்டிய பரிவு, இருவரும் சேர்ந்து விளையாடிய விளையாட்டு எனச் சிறு சிறு செயல்களால் அன்பைக் கட்டியெழுப்பினார். பின்னர்ப் பிரிவு நேரும்போது, பார்ப்பவர் பிறருடைய குடும்பத்துக்காக அழவில்லை. தாம் இரண்டு மணி நேரம் வாழ்ந்த குடும்பத்துக்காக அழுதனர். கதைமாந்தர் அறியாத ஒன்றைப் பார்ப்பவர் அறிந்திருக்கச் செய்வது அவர் கையாண்ட மற்றோர் உத்தி. தாலாட்டுக் காட்சி அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பார்ப்பவர் மனம் துடிக்கும், சொல்ல வழியில்லை. அந்த இயலாமையே கண்ணீராகிறது.

மற்றோர் அண்ணன்

1960களின் இடைப்பகுதிக்குப் பின் பீம்சிங் இந்தித் திரையுலகிலும் பரவலாக இயங்கினார். திலீப்குமார் நடித்த 'ஆத்மி' (1968), 'கோபி' (1970) ஆகியன அவர் இயக்கியவை. காலம் மாறியது, குடும்பக் கதைகளின் செல்வாக்கும் குறைந்தது. தம் பழைய வெற்றியையே திரும்பத் திரும்ப உருவாக்க அவர் முயன்றிருக்கலாம். ஆனால், அவர் தேர்ந்தெடுத்த வழி வேறாக இருந்தது.

ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற புதினம். அதனைப் பீம்சிங் 1977இல் திரைப்படமாக்கினார். ஒரு மழை நாளில் முன்பின் அறியாத ஒருவனால் வன்கொடுமைக்கு ஆளாகிறாள் கல்லூரி மாணவி கங்கா. நடந்ததைத் தாயிடம் சொல்கிறாள். அவள்பால் குற்றம் ஏதுமில்லை. ஆயினும் ஊர்ப்பழிக்கு அஞ்சிய அண்ணன் அவளை வீட்டை விட்டு வெளியேற்றுகிறான். அவள் படித்து, பணியில் அமர்ந்து, தன் காலில் நிற்கிறாள். எனினும் உலகம் அவளைக் குற்றவாளியாகவே பார்க்கிறது. கங்காவாக நடித்த லட்சுமி சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார்.

'பாசமலர்' அண்ணனையும் இந்த அண்ணனையும் அருகருகே நிறுத்திப் பார்க்க வேண்டும். முதலாமவன் தங்கைக்காகக் கண்களையே இழந்தான். இரண்டாமவன் கண்ணிருந்தும் தங்கையின் துயரைக் காணவில்லை. தங்கையைப் போற்றிப் பாடும் சமூகம், அவளுக்குத் துன்பம் நேரும்போது அவள் பக்கம் நிற்கிறதா என்னும் வினாவை இப்படம் எழுப்புகிறது. முன்னைய படங்கள் பார்ப்போரை அழவைத்து அவர்களின் மனத்தை இளகச் செய்தன. இந்தப் படமோ எளிதில் அழவிடவில்லை. கண்ணீரோடு கடமை முடிந்துவிடாது என்பதை உணர்த்தியது. பெண்ணின் பொறுமையையும் தியாகத்தையும் போற்றி வந்த இயக்குநர், அத்தியாகத்தை அவளிடம் எதிர்பார்ப்பது முறைதானா என்று எண்ணிப்பார்க்க வைத்தார். ஐம்பது வயதைக் கடந்த ஒரு படைப்பாளி, தம்மைப் புகழுக்கு உயர்த்திய பாதையை விட்டு விலகி நடந்தது அவருடைய நேர்மைக்குச் சான்று.

நிறைவு

ஜெயகாந்தனின் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' புதினத்தையும் பீம்சிங் படமாக்கினார். இயேசு பெருமானின் வாழ்க்கையைக் கூறும் 'கருணாமயுடு' என்னும் தெலுங்குப் படத்தையும் இயக்கினார். இவ்விரு படங்களும் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1978ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16ஆம் நாள், தம் 53ஆம் வயதில் அவர் மறைந்தார். தந்தை கற்ற படத்தொகுப்புக் கலையை அவர் மகன் பி. லெனின் தொடர்ந்து பயின்று, தேசிய விருதுகள் பெற்ற படத்தொகுப்பாளராக விளங்கினார். மற்றொரு மகன் பி. கண்ணன் ஒளிப்பதிவில் புகழ்பெற்றார்.

இன்று திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்போடும் இயந்திரத்தோடும் நாள்தோறும் உழைப்போர் பலர். ராஜுவைப் போல வேலையிழப்பின் அச்சத்தை அறிந்தவர்களும், ராதாவைப் போலத் தம் சிறு சேமிப்பால் வீட்டைத் தாங்கும் பெண்களும் அவர்களிடையே உள்ளனர். ஆடித் திங்களின் விடுமுறை நாளில் அவர்கள் பெரியபாளையத்துக்கு வருகின்றனர். உடன்பிறந்தாளின் குழந்தை தாய்மாமன் மடியில் அமர்ந்து முடியிறக்கும்போது, உலைச்சூட்டுக்கும் கலங்காத கண்கள் கலங்குகின்றன. அக்கண்ணீர் கோழைமையன்று, அன்பின் அடையாளம். அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அந்தத் தங்கைக்கு ஓர் இன்னல் நேரும்போது அவள் அருகில் நிற்கும் உறுதியாகவும் அக்கண்ணீர் மாற வேண்டும். பீம்சிங்கின் முற்காலப் படங்களையும் பிற்காலப் படங்களையும் சேர்த்துக் காண்போர் பெறும் பாடம் இதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கண்கலங்கிப் பார்த்த திரைப்படம் எது என்று கேட்டறிந்து, அதற்கான காரணத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. அழுகைக்குத் தொல்காப்பியர் கூறும் நான்கு காரணங்களுள் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் பார்த்த திரைப்படம் அல்லது படித்த கதையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

3. 'கண்ணீரோடு கடமை முடிந்துவிடாது' – இக்கருத்தை ஒட்டி வகுப்பில் கலந்துரையாடுக.